போகச் சொன்னால் போவார்களா? அமெரிக்க ஏகாதிபத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வல்லரசு அடுத்த நாட்டில் எதுவரை தலையிடலாம், எங்கே அது ஏகாதிபத்தியம் ஆகிறது என்ற கேள்விக்கு மேடைப் பேச்சைவிட ஒப்பந்தங்களின் வாசகமே நல்ல விடை தரும். அதனால் 1898 முதல் அமெரிக்கா கையெழுத்திட்ட சில ஒப்பந்தங்களை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது.

ஏகாதிபத்தியம் என்றால் சரியாக என்ன? பெரிய நாடு சிறிய நாட்டை மிரட்டினாலே அப்படிச் சொல்லலாமா?

மிரட்டல் எல்லா நாடுகளுக்கும் கைவந்த கலை. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் உலகில் பாதி நாடுகள் ஏகாதிபத்தியங்கள்தான். கொடி பறக்கிறதா என்று பார்ப்பதும் போதாது. கொடியே ஏற்றாமல் ஒரு நாட்டின் கஜானாவைக் கையில் வைத்திருந்த உதாரணங்கள் கீழே வருகின்றன.

நாங்கள் பார்ப்பது ஒன்றே ஒன்றை. வந்தவனை வெளியே போகச் சொல்லும் உரிமை வீட்டுக்காரனிடம் இருக்கிறதா? சொன்னால் அவன் போகிறானா? படைத்தளம், கடன், துறைமுகக் குத்தகை, பாதுகாப்பு உடன்படிக்கை என எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி பொருந்தும். பல ஒப்பந்தங்களில் இதற்கான விடை கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத ஒரு பிரிவில் இருக்கும்.

காலனியாக இருந்து போராடி விடுபட்ட நாடு அமெரிக்கா. அது எப்படிக் காலனி பிடித்தது?

1898-இல், நான்கே மாதங்கள் நடந்த ஒரு போரில். கியூபா அப்போது ஸ்பெயினின் காலனி. அங்கே விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 15 அன்று ஹவானா துறைமுகத்தில் நின்றிருந்த ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஸ்பெயின்தான் செய்தது என்று பத்திரிகைகள் முழங்கின. ஏப்ரலில் போர் தொடங்கியது.

போருக்குச் செல்லும்போதே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வாக்குறுதி கொடுத்தது. கியூபாவை அமைதிப்படுத்திய பின் அதை அதன் மக்களிடமே விட்டுவிடுவோம் என்ற அந்த வாக்குறுதிக்கு டெல்லர் திருத்தம் என்று பெயர். அது கியூபாவைப் பற்றி மட்டுமே பேசியது, பிலிப்பைன்ஸைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. போரின் முதல் பெரிய வெற்றியோ ஸ்பெயினின் இன்னொரு காலனியான பிலிப்பைன்ஸில், மே 1 அன்று மணிலா விரிகுடாவில்தான் கிடைத்தது. போர் நடக்கும்போதே, ஜூலையில், ஹவாயையும் இணைத்துக்கொண்டார்கள். ஹவாய் அரசி லிலியுகலானியை 1893-லேயே சர்க்கரை முதலாளிகள் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் துணையோடு இறக்கியிருந்தார்கள். நூறாண்டு கழித்து, 1993-இல், அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்போடு நிலம் எதுவும் திரும்பவில்லை.

பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்கு வாங்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1898 டிசம்பர் 10 அன்று பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஸ்பெயினிடமிருந்த கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவும் பசிபிக் தீவான குவாமும் அமெரிக்காவுக்குப் போயின. பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுக்கப்பட்டது.

விற்றவர் கையில் விற்ற பொருள் இல்லை என்பதுதான் இதில் விசேஷம். பிலிப்பினோ விடுதலைப் போராட்டத் தலைவர் எமிலியோ அகினால்டோ ஜூன் 12 அன்றே கவிட்டே மாகாணத்தில் சுதந்திரப் பிரகடனம் செய்துவிட்டார். தீவுகளின் பெரும்பகுதி அவருடைய படைகளிடம் இருந்தது. மணிலா நகரம் மட்டும் ஸ்பானியர் கையில் மிஞ்சியிருந்தது, அதையும் பிலிப்பினோ படைகள் சுற்றி வளைத்திருந்தன. பிலிப்பினோக்களிடம் சரணடைவதை அவமானமாகக் கருதிய ஸ்பானியர், அமெரிக்கரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் 13 அன்று ஒப்புக்கு ஒரு சண்டை போட்டு நகரத்தை அமெரிக்கரிடம் ஒப்படைத்தார்கள். பிலிப்பினோ படைகள் நகரத்துக்குள் விடப்படவில்லை. பாரிஸுக்குப் போன பிலிப்பைன்ஸ் தூதர் ஃபெலிப்பே அகோன்சில்யோவுக்கும் பேச்சுவார்த்தை மேசையில் இடம் கிடைக்கவில்லை.

ஒப்பந்தம் செனட்டில் 57–27 என்ற கணக்கில் நிறைவேறியது. தேவைப்பட்ட மூன்றில் இரு பங்கைவிட ஒரே ஒரு வாக்குதான் கூடுதல். வாக்கெடுப்பு நடந்தது 1899 பிப்ரவரி 6-ஆம் தேதி. இரண்டு நாள் முன்னர், 4-ஆம் தேதி இரவே மணிலாவின் புறநகரில் அமெரிக்கருக்கும் பிலிப்பினோக்களுக்கும் சண்டை மூண்டுவிட்டது.

1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக அறிவித்தபோது அமெரிக்கத் தரப்பில் சுமார் 4,200 பேரும், பிலிப்பினோ போராளிகளில் சுமார் 20,000 பேரும் இறந்திருந்தனர். பசியும் காலராவும் சேர்ந்து கொண்டுபோன பொதுமக்கள் குறைந்தது 2 லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வாயில் தண்ணீரை ஊற்றி வயிறு வீங்கியதும் அமுக்கும் சித்திரவதையைப் பற்றி 1902-இல் செனட் குழு முன்பே சிப்பாய்கள் சாட்சி சொன்னார்கள். சாமார் தீவில் பலாங்கிகா ஊரில் 48 அமெரிக்கப் படைவீரர்கள் கொல்லப்பட்டதற்குப் பதிலடியாக, தீவையே பொட்டல்காடாக்கு என்று உத்தரவிட்ட தளபதி ஜேக்கப் ஸ்மித் மீது ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. தண்டனை, கண்டனமும் கட்டாய ஓய்வும். அப்போது தூக்கிச்சென்ற பலாங்கிகா தேவாலய மணிகள் 2018 டிசம்பரில்தான் ஊர் திரும்பின.

அமெரிக்காவுக்குள்ளேயே யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள், கடுமையாக. 1898-இல் பாஸ்டனில் தொடங்கிய ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தில் எழுத்தாளர் மார்க் ட்வைன், எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், முன்னாள் அதிபர் குரோவர் கிளீவ்லாண்ட் என்று ஒரே பந்தியில் உட்காராதவர்கள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பிலிப்பைன்ஸுக்கு விடுதலை கொடுப்பதானால் அந்த 2 கோடி டாலரைத் தானே கட்டிவிடுவதாகக் கார்னகி சொன்னார்.

இவர்கள் எல்லோரும் பிலிப்பினோக்களின் நண்பர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மக்களின் சம்மதம் இல்லாமல் ஆள்வது தங்கள் விடுதலைப் பிரகடனத்துக்கே துரோகம் என்று வாதிட்டவர்கள் ஒரு பக்கம். பழுப்பு நிறத்தவர் குடிமக்களாகிவிடுவார்கள், மலிவான கூலிகளாக வந்து குவிவார்கள் என்று பயந்தவர்கள் இன்னொரு பக்கம். தென்மாநில செனட்டர்கள் சிலரின் எதிர்ப்பில் இந்த இரண்டாவது வாடைதான் அடித்தது. 1900 தேர்தலில் அதிபர் மெக்கின்லி மீண்டும் வென்றதும் கழகத்தின் வேகம் குறைந்தது.

பிடித்த இடங்களின் மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்களா?

இதைத் தீர்மானித்தது ஆரஞ்சுப் பழம். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு ஆரஞ்சு கொண்டுவந்த டவுன்ஸ் என்ற பழ வியாபாரியிடம் 659 டாலர் 35 சென்ட் சுங்கவரி வாங்கினார்கள். புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குள் இருக்கிறது என்றால் உள்நாட்டுச் சரக்குக்கு வரி ஏன் என்று அவர் வழக்குப் போட்டார். 1901-இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் வரி செல்லும் என்றது. அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம். அரசியல் சட்டத்தின் எந்தெந்தப் பகுதி அங்கே செல்லும் என்பதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளுமாம்.

அந்தத் தீர்ப்பு இன்றுவரை ரத்தாகவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் சுமார் 32 லட்சம் மக்களுக்கு 1917 முதல் குடியுரிமை உண்டு. தீவில் இருக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்கில்லை. அதே ஆள் விமானம் ஏறி ஃபுளோரிடாவில் குடியேறினால் வாக்கு வந்துவிடும். பிரதிநிதிகள் சபையில் அவர்களுக்கு ஓர் உறுப்பினர் உண்டு, மசோதா மீதான இறுதி வாக்கெடுப்பில் அவர் வாக்களிக்க முடியாது. தீவின் கடன் நெருக்கடிக்காக 2016-இல் வாஷிங்டன் ஏழு பேர் கொண்ட நிதி மேற்பார்வைக் குழுவை அமைத்தது. தீவு மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநரின் வரவுசெலவுத் திட்டத்தை அந்தக் குழு மாற்றி எழுதலாம். அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்களுக்கோ பிறப்பால் குடியுரிமைகூட இல்லை, அமெரிக்க ‘தேசத்தவர்’ என்ற தகுதி மட்டுமே.

கியூபாவை விட்டுவிடுவதாகச் சொன்னார்களே, விட்டார்களா?

விட்டார்கள், கயிறு கட்டி. அந்தக் கயிற்றின் பெயர் பிளாட் திருத்தம். 1901-இல் கியூபா தன் அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்தது. எட்டுப் பிரிவுகளை அப்படியே அதில் சேர்த்தால்தான் எங்கள் படை வெளியேறும் என்றது வாஷிங்டன். அந்நிய நாடுகளோடு சுதந்திரத்தைப் பாதிக்கும் ஒப்பந்தம் கூடாது, அடைக்க முடியாத கடன் வாங்கக் கூடாது, அமெரிக்கா தேவைப்பட்டால் தலையிடலாம், கடற்படைக்கு இடம் தர வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

கியூபப் பிரதிநிதிகள் முதலில் தங்கள் விளக்கங்களைச் சேர்த்து ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஏற்றார்கள். விளக்கம் எதுவும் வேண்டாம், எழுத்து மாறாமல் ஏற்றுக்கொள் என்று வாஷிங்டன் திருப்பி அனுப்பியது. ஜூன் 12 அன்று 16–11 என்று நிறைவேறியது. தெருவில் அந்நியப் படை நிற்கும்போது வாங்கிய சம்மதம் இது. 1906 முதல் 1909 வரை அமெரிக்கப் படை மறுபடியும் கியூபாவில் உட்கார்ந்து நிர்வாகம் நடத்தியது. தலையிடும் உரிமையை 1934-இல் கைவிட்டார்கள். கடற்படை இடத்தை மட்டும் விடவில்லை.

குவாண்டனாமோ கியூபாவில்தானே இருக்கிறது? கியூபாவால் ஏன் காலி செய்ய வைக்க முடியவில்லை?

குத்தகைப் பத்திரத்தைப் பிரித்துப் படித்தால் புரியும். 1903-இல் எழுதப்பட்ட பத்திரப்படி சுமார் 117 சதுர கிலோமீட்டர் நிலமும் நீரும் அமெரிக்காவுக்குக் குத்தகை. இறுதி இறையாண்மை கியூபாவுக்கு, முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு என்று ஒரே பிரிவில் எழுதியிருக்கிறார்கள். பட்டா உன் பெயரில், சாவி என் கையில் என்பதுபோல.

வாடகை ஆண்டுக்கு 2,000 டாலர், தங்க நாணயமாக. பின்னால் அது காசோலையாக மாறி, இப்போது 4,085 டாலர். நாளொன்றுக்குப் பதினோரு டாலர் சொச்சம். புரட்சி நடந்த 1959-இல் ஒரு காசோலை வங்கியில் மாற்றப்பட்டது, குழப்பத்தில் நடந்த தவறு என்கிறது கியூபா. அதன்பின் வந்த எதையும் அவர்கள் மாற்றவில்லை. மாற்றினால் குத்தகையை ஏற்றதாகிவிடுமே.

பத்திரத்தில் குத்தகைக் காலம் என்று எதுவும் இல்லை. 1934 ஒப்பந்தம் இதை இன்னும் இறுக்கியது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அல்லது அமெரிக்கா தானாகவே கைவிட்டால் மட்டுமே குத்தகை முடியும். கியூபா தனியாக ரத்து செய்ய வழியே இல்லை. 1964-இல் காஸ்ட்ரோ அரசு தளத்துக்குப் போன தண்ணீர்க் குழாயை மூடிப் பார்த்தது. அமெரிக்கா கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது.

நிலக்கரி நிரப்பும் நிலையம், கடற்படை நிலையம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும், வணிகத் தொழில் நடத்தக் கூடாது என்றும் பத்திரத்தில் இருக்கிறது. இன்று அங்கே ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை உண்டு. 2002 ஜனவரி 11 முதல் சிறை உண்டு. சிறைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அந்த இறையாண்மை வாசகத்தை நம்பித்தான்: நிலம் கியூபாவுடையது, ஆகவே அமெரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று அரசு வாதிட்டது. 2008-இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று அந்த வாதத்தைத் தள்ளியது. நூறாண்டு பழைய பத்திரத்தின் ஒரு வரி மனிதர்களை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தது.

கடனைக் காட்டி ஒரு நாட்டைப் பிடிப்பது எப்படி நடக்கும்?

டொமினிக்கன் குடியரசில் 1905-இல் நடந்ததே நல்ல பாடம். அந்த நாட்டின் வெளிக்கடன் கழுத்தை நெரித்தது. ஐரோப்பியக் கடன்காரர்கள் கப்பல் அனுப்புவார்கள் என்ற அச்சம் இருந்தது. ஐரோப்பியர் வருவதற்குப் பதிலாக நாங்களே வசூல் செய்து தருகிறோம் என்றார் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்.

நடைமுறை இப்படி. துறைமுகச் சுங்கச்சாவடிகளை அமெரிக்க அதிபர் நியமிக்கும் அதிகாரி எடுத்துக்கொள்வார். வசூலில் 45 விழுக்காடு டொமினிக்கன் அரசின் செலவுக்கு, 55 விழுக்காடு கடன்காரர்களுக்காக நியூயார்க் வங்கிக்கு. ஒழுங்காக வசூலித்ததில் வருமானம் கூடியது, பேரம் பேசிக் கடனும் குறைக்கப்பட்டது. கணக்குப்பிள்ளை வேலையை அவர்கள் நன்றாகத்தான் செய்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை.

கோளாறு வேறு இடத்தில். தன் வரியைத் தான் வசூலிக்க முடியாத அரசை உள்நாட்டில் யார் மதிப்பார்கள்? உள்நாட்டுக் கலகம் ஓயவில்லை. 1916-இல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் நாட்டையே எடுத்துக்கொண்டு 1924 வரை ஆண்டார்கள். தற்காலிகமாகத் தொடங்கிய சுங்க வசூல் 1941-இல்தான் முழுதாகக் கைமாறியது. பக்கத்து நாடான ஹைட்டியில் 1914 டிசம்பரில் கடற்படை வீரர்கள் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் பெறுமான தங்கத்தைக் கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய ஆக்கிரமிப்பு 1934 வரை நீடித்தது.

பனாமாவுக்கு மட்டும் கால்வாய் எப்படித் திரும்பக் கிடைத்தது?

அங்கேயும் பத்திரம் மோசமானதுதான். பனாமா அப்போது கொலம்பியாவின் பகுதி. கொலம்பிய செனட் கால்வாய் ஒப்பந்தத்தை நிராகரித்த மூன்று மாதத்துக்குள், 1903 நவம்பர் 3 அன்று, அமெரிக்கப் போர்க்கப்பல் காவல் நிற்க பனாமா தனிநாடானது. பதினைந்தாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. பனாமா சார்பில் கையெழுத்திட்டவர் பியூனோ-வாரிய்யா என்ற பிரெஞ்சுக்காரர். பனாமாவின் சொந்தத் தூதுக்குழு வாஷிங்டன் வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பே அவர் காரியத்தை முடித்துவிட்டார். பத்து மைல் அகலப் பட்டை நிலம், 1 கோடி டாலர் ரொக்கம், ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர், காலம்: என்றென்றைக்கும்.

‘என்றென்றைக்கும்’ என்ற சொல்தான் பின்னால் வெடித்தது. 1964 ஜனவரி 9 அன்று அமெரிக்கர் ஆண்ட கால்வாய்ப் பகுதியின் பள்ளி ஒன்றில் பனாமாக் கொடியை ஏற்றப் போன மாணவர்களோடு தகராறு மூண்டு, கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பனாமியர்களும் நான்கு அமெரிக்கப் படைவீரர்களும் இறந்தனர். 1977 செப்டம்பர் 7 அன்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரும் பனாமாவின் ஆட்சித் தலைவர் ஓமர் டோரிஹோஸும் புதிய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க செனட்டில் இரண்டு ஒப்பந்தங்களும் 68–32 என்று தப்பிப் பிழைத்தன. 67 வாக்கு தேவை. 1999 டிசம்பர் 31 நண்பகலில் கால்வாய் கைமாறியது. பனாமியர் ஓட்டினால் கால்வாய் நாறிப்போகும் என்று சொன்னவர்கள் பலர். 2016-இல் பெரிய கப்பல்களுக்கான புதிய நீர்ப்பூட்டுகளையும் கட்டித் திறந்தது பனாமாவேதான்.

போகச் சொல்லி, உண்மையிலேயே போன இடம் உண்டா?

பிலிப்பைன்ஸ். 1946-இல் சுதந்திரம் கொடுத்த மறு ஆண்டே படைத்தளங்களுக்கு 99 ஆண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். 1966-இல் அது 25 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரு திருத்தம்தான் 1991-இல் கதவைத் திறந்தது. மேலும் பத்தாண்டு இருக்க, ஆண்டுக்கு 20.3 கோடி டாலர் தருவதாக அமெரிக்கா சொன்னது. செப்டம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸ் செனட் 12–11 என்று மறுத்துவிட்டது. அந்த ஜூனில்தான் பினட்டுபோ எரிமலை வெடித்து கிளார்க் விமானதளத்தைச் சாம்பலில் மூடியிருந்தது, எனவே போனது சுபிக் விரிகுடாக் கடற்படைத்தளம்தான். 1992 நவம்பர் 24 அன்று கடைசி அமெரிக்கக் கொடி இறங்கியது. விஷக் கழிவுகளைச் சுத்தம் செய்யும் பொறுப்பு பத்திரத்தில் எழுதப்படவில்லை, ஆகவே செய்யவில்லை.

1995-இல் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் பவளத்திட்டைத் தென்சீனக் கடலில் சீனா பிடித்தபோது, அமெரிக்கரை அனுப்பியது தவறோ என்ற பேச்சு எழுந்தது. 2014-இல் புதிய உடன்படிக்கை வந்தது, இன்று ஒன்பது இடங்களில் அமெரிக்கப் படைகள் சுழற்சி முறையில் தங்கலாம். ஆனால் இந்தமுறை முதல் பத்தாண்டுக்குப் பின் ஓராண்டு முன்னறிவிப்பில் யாரும் விலகலாம். அதே கடல், அதே கூட்டாளி, வேறு பத்திரம். இதை 1898-ஓடு ஒன்றாகப் போட்டுக் குழப்புவது சோம்பேறித்தனம்.

ஒரு படைத்தள ஒப்பந்தம் கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது?

முதலில் கடைசிப் பிரிவு: எத்தனை ஆண்டு, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, யார் விலகலாம். பிறகு தேதியைப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட நாளில் அந்நியப் படை ஏற்கெனவே உள்ளே இருந்ததா? அடுத்தது குற்ற வழக்கு. அந்நியச் சிப்பாய் வேலை நேரத்துக்கு வெளியே ஒரு குற்றம் செய்தால் எந்த நாட்டு நீதிமன்றம்? 2011-இல் அமெரிக்கப் படைகள் இராக்கில் தொடர்வது பற்றிய பேச்சு முறிந்ததற்குச் சிப்பாய்களின் சட்டப் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம். கடைசியாக, அங்கிருந்து மூன்றாம் நாட்டைத் தாக்க வீட்டுக்காரரின் அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். வாடகைத் தொகையைத்தான் பத்திரிகைகள் தலைப்பில் போடும். அதற்கு இந்த நான்கைவிட முக்கியத்துவம் குறைவு.

ஒப்பந்தம் நன்றாக இருந்தும் நடைமுறை வேறாகலாம். 2020 ஜனவரியில் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று இராக் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அதிபர் டிரம்ப் பொருளாதாரத் தடை என்று மிரட்டினார். படை போகவில்லை.

டியாகோ கார்சியா இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

வீட்டுக்காரரையே அப்புறப்படுத்திய கணக்கில். மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுக்குமுன் 1965-இல் பிரிட்டன் இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, அவற்றில் பெரிய தீவான டியாகோ கார்சியா அமெரிக்காவுக்கு 50 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. பதிலுக்கு, பிரிட்டன் அமெரிக்காவிடம் பொலாரிஸ் ஏவுகணை வாங்கியதில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி கிடைத்தது, அதுவும் ரகசியமாக. 1,500-க்கும் குறையாத தீவுவாசிகள் 1973-க்குள் மொரீஷியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களது நாய்களைக் கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் அடைத்து வாகனப் புகையால் கொன்றார்கள். 2019-இல் பன்னாட்டு நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தது சட்டப்படி செல்லாது என்று கருத்துச் சொன்னது. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் இறையாண்மை மொரீஷியஸுக்கு, தளம் 99 ஆண்டு குத்தகைக்கு. அதன்படி தீவுவாசிகள் மற்றத் தீவுகளில் குடியேறலாம், டியாகோ கார்சியாவில் கூடாது.

2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர் சென்ற படகு ஒன்று இந்தத் தீவில் ஒதுங்கியது. மூன்றாண்டுக்கு மேல் அவர்கள் வேலியிட்ட முகாமில் கிடந்தார்கள். 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே அது சட்டவிரோதக் காவல் என்று தீர்ப்பளித்தது.

இப்போது படையே தேவையில்லை, டாலரே போதும் என்கிறார்களே?

பாதி சரி. டாலரில் நடக்கும் பரிமாற்றம் பெரும்பாலும் நியூயார்க் வங்கிகள் வழியே தீர்க்கப்படுகிறது, அந்த வாசலில் அமெரிக்கச் சட்டம் நிற்கிறது. பிரெஞ்சு வங்கியான பிஎன்பி பரிபா, சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிமாற்றங்களுக்காக 2014-இல் சுமார் 890 கோடி டாலர் கட்டியது. பன்னாட்டு நாணய நிதியத்தின் (IMF) பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு தேவை. அமெரிக்காவிடம் சுமார் 16.5 இருப்பதால் அது மறுத்தால் நடக்காது. 2010-இல் ஒப்புக்கொண்ட பங்குச் சீர்திருத்தம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் காத்திருந்து 2016-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தன் அரசுக்கு எதிரான கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்கா உதவியதற்காக நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986-இல் பன்னாட்டு நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதை நிறைவேற்றக் கோரிய பாதுகாப்பு அவைத் தீர்மானத்தைத் தடுத்தது அமெரிக்காவின் வீட்டோ.

அமெரிக்காவை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? சீனா, இந்தியா எல்லாம்?

ஒரே அளவுகோலை எல்லோர் மீதும் வைக்கலாம். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக்குப் போனது. கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைச் சீனாவுக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்வது பிழை. கிடைத்த 112 கோடி டாலர் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, துறைமுகக் கடன் அரசின் தலைமேல் அப்படியே இருந்தது. கவலைப்பட வேண்டியது அந்த 99-ஐப் பற்றி.

1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள். இந்தியாவின் நலனுக்குக் கேடான ராணுவப் பயன்பாட்டுக்குத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ எந்த நாட்டுக்கும் தரக் கூடாது என்கிறது கடிதம். பிளாட் திருத்தத்தின் முதல் பிரிவைப் படித்தவருக்கு இந்தத் தொனி புதிதல்ல. ஒரு வேறுபாடு உண்டு. 1989 ஜூன் தொடக்கத்தில், ஜூலை இறுதிக்குள் வெளியேறுங்கள் என்று அதிபர் பிரேமதாசா சொன்னார். இந்திய அமைதிப்படை இழுத்தடித்தது, ஆனால் 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் புறப்பட்டது.

அப்படியானால் வல்லரசு எதிலும் தலையிடாமல் வீட்டோடு இருக்க வேண்டுமா?

அதுவும் பதிலாகாது. 1956-இல் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் எகிப்து மீது படையெடுத்தபோது, அவர்களை நிறுத்தியது பெரிதும் அமெரிக்காதான். பவுண்டு சரிந்துகொண்டிருந்தது, நிதியத்தின் உதவி பிரிட்டனுக்குத் தேவைப்பட்டது. படையைத் திரும்பப் பெறும்வரை ஆதரவில்லை என்றார் ஐசன்ஹோவர். டிசம்பரில் பிரிட்டிஷ் படை கப்பலேறியது. அதே ஐசன்ஹோவர் அரசுதான் 1953-இல் ஈரானிலும் 1954-இல் குவாதமாலாவிலும் ஆட்சிகளைக் கவிழ்க்க உதவியது. கருவி ஒன்றே, பிடித்த பக்கம் வேறு.

பெரியம்மையை ஒழிக்கும் திட்டத்தில் பனிப்போர் நடுவே சோவியத் ஒன்றியம் தடுப்பூசியும் அமெரிக்கா பணமும் ஆட்களும் கொடுத்தன. 1980-இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அதற்கு யாரும் துறைமுகம் கேட்கவில்லை.

குவைத் போரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நல்ல கணக்கில்தான், ஒரு கறையோடு. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தை விழுங்கியது. நவம்பர் 29 அன்று பாதுகாப்பு அவை 12–2 என்று படைபலத்துக்கு அனுமதி தந்தது, சீனா வாக்களிக்கவில்லை. குவைத்தை மீட்டதும் படை பாக்தாத் நோக்கிப் போகாமல் நின்றது. அனுமதி எவ்வளவோ அவ்வளவு. 2003-இல் அப்படி ஓர் அனுமதித் தீர்மானம் இல்லாமலே பாக்தாத் வரை போனார்கள்.

கறை அந்த வாக்கெடுப்பில் இருக்கிறது. எதிர்த்து வாக்களித்த இரண்டு நாடுகள் கியூபாவும் ஏமனும். கியூபாவிடமிருந்து பிடுங்க அமெரிக்காவிடம் ஏதும் மிச்சமில்லை. ஏழை நாடான ஏமன் கை உயர்த்திய சில நாட்களில் அதற்கான சுமார் 7 கோடி டாலர் உதவி நின்றது.